தூண்டிலும் சமுத்திரமும் – 7: காபோ பிளாங்கோவின் கறுப்பு மார்லின்

1898-ஆம் வருஷம் கலிபோர்னியாக் கரைக்கு அப்பாலுள்ள காட்டலினா தீவில், 183 ராத்தல் எடையுள்ள சூரை மீன் ஒன்றைக் கழியும் உருளையும் கொண்டு கரைசேர்த்த சார்லஸ் ஃபிரெடரிக் ஹோல்டர், தம் நண்பர்களைக் கூட்டி ட்யூனா கிளப் என்ற சங்கத்தை ஸ்தாபித்ததையும், அச்சங்கம் வகுத்த விதிகள் பசிபிக் சமுத்திரத்தின் மறுகோடிவரை பரவியதையும், 1926-ல் நியூஜீலாந்தின் பே ஆஃப் ஐலண்ட்ஸில் காப்டன் லாரி மிட்செல் 976 ராத்தல் கறுப்பு மார்லின் ஒன்றைப் பிடித்ததையும் இத்தொடரின் முந்தைய பகுதிகளில் கண்டோம்.

சென்ற வாரம் தாஹிட்டித் தீவில் நிறுத்தினோம். 1930 மே மாதத்தில் நாவலாசிரியர் ஜேன் கிரே அங்கே பிடித்த மார்லின், தராசில் ஏற்றியபோது 1,040 ராத்தல் இருந்தது. கழியும் உருளையும் கொண்டு பிடித்த மார்லின் ஆயிரம் ராத்தலைத் தாண்டியது அதுவே முதல் தடவை. ஆனால் அது படகை அடைவதற்குள் சுறாக்கள் அதன் சதையைக் கடித்துக் குதறிவிட்டன. அவை தின்றது போக எஞ்சியதுதான் அந்த 1,040 ராத்தல்.

அத்தனை பெரிய மீன் சாதனைப் பட்டியலில் ஏறவில்லை.

சுறாவின் வாய் பட்ட மீன் இரத்தத்தை இழந்து பலங்குன்றிவிடுகிறது. அதன்பின் அதை வென்றவன் தனி மனிதன் என்று சொல்வதற்கில்லை என்பது இவ்வேட்டையை விரும்புவோர் நெடுநாளாகக் காத்துவந்த தர்மம். 1939 ஜூன் மாதத்தில், நியூயார்க் நகரத்து அமெரிக்க இயற்கைச் சரித்திரப் பொருட்காட்சிசாலையில் மைக்கேல் லெர்னர் என்பவரின் முயற்சியால் சர்வதேச விளையாட்டு மீன்பிடிப்புச் சங்கம் உதயமானபோது, அந்தத் தர்மம் எழுத்திலேயே ஏறிற்று. முள் மாட்டிய கணம் முதல் மீன் படகருகே வரும்வரை கழியையும் உருளையையும் கயிற்றையும் வேறொருவர் தொடலாகாது, கழி முறியலாகாது, துப்பாக்கியோ எறியீட்டியோ உபயோகிக்கலாகாது, மீனின் உடலில் வேறு பிராணி உண்டாக்கிய காயம் இருக்கலாகாது, எடை கரையில், பரிசோதிக்கப்பட்ட தராசில் நிறுக்கப்படவேண்டும்.

இத்தனை நிபந்தனைகளுக்கும் உட்பட்டு, காயமின்றி முழுமையாக ஆயிரம் ராத்தல் எடையுள்ள மார்லின் ஒன்று கரைக்கு வருமா என்ற கேள்வி, இருபது வருஷத்துக்கு மேலாக விடையின்றியே நின்றது. அதற்கு விடை கிடைத்தது தாஹிட்டியிலும் அன்று, கியூபாவிலும் அன்று, நியூஜீலாந்திலும் அன்று. உலகத்தின் பெரும்பாலான வேட்டைக்காரர்கள் பெயரைக்கூடக் கேட்டிராத ஒரு மீனவர் குப்பத்தில் கிடைத்தது.

* * *

தென் அமெரிக்காவின் வரைபடத்தை எடுத்துப் பார்ப்பவர்கள், அக்கண்டத்தின் மேற்குக்கரை பெரு தேசத்தின் வடபாகத்தில் பசிபிக் சமுத்திரத்துக்குள் புடைத்துக்கொண்டு நிற்பதைக் காண்பார்கள். கண்டத்தின் மேல்கோடி முனை அங்கேதான் இருக்கிறது. அதற்குச் சிறிது வடக்கே, பூமத்தியரேகையிலிருந்து நான்கு பாகைக்குச் சற்று அதிகமான தெற்கில், மழை மிக அரிதாகவே எட்டிப்பார்க்கும் வறண்ட குன்றுகளின் அடியில், கடலை நோக்கி ஒதுங்கிக்கிடக்கும் சிறிய குப்பமே காபோ பிளாங்கோ.

கரையில் புல் முளைக்காது. கடலிலோ, உலகத்தில் வேறெங்கும் காண்பதற்கரிய வளம்.

இந்த முரண்பாட்டுக்குக் காரணம் ஒன்றே. தென்துருவப் பக்கத்துக் குளிர்ந்த நீரைச் சுமந்துகொண்டு சிலி தேசத்தின் கரையோரமாகவும், பின்பு பெருவின் கரையோரமாகவும் வடக்கு நோக்கி ஒரு பெரு நீரோட்டம் செல்லுகிறது. 1802-ஆம் வருஷம் இக்கரைக்கு வந்து, வெப்பமானியை நீரில் அமிழ்த்தி அதன் குளிர்ச்சியை அளந்த ஜெர்மானிய சாஸ்திரி அலெக்ஸாண்டர் வான் ஹம்போல்ட்டின் பெயராலேயே அது இன்று வழங்குகிறது. தென்கிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் காற்றின் விசையாலும், பூமியின் சுழற்சியாலும், கரையோரத்து மேல்நீர் கரையைவிட்டு விலகிச் செல்ல, அந்த வெற்றிடத்தை நிரப்பச் சமுத்திரத்தின் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழும்பி வருகிறது. அடியிலே பலகாலமாக மக்கிக்கிடந்த உரச்சத்துக்கள் அனைத்தையும் அது உடன்கொண்டு வருகிறது. வெளிச்சம் படும் மட்டத்துக்கு அந்தச் சத்துக்கள் வந்தவுடன், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய தாவரங்கள் கோடிக்கணக்கில் பெருகி, நீரின் நிறமே பசுமையாக மாறிவிடுகிறது.

கரையின் வறட்சிக்கும் அதே குளிர்நீர்தான் ஹேது. அதன்மேல் தவழ்ந்து வரும் காற்று குளிர்ந்துபோய், மேலெழும்பி மேகமாகி மழை பொழியும் சக்தியை இழந்துவிடுகிறது. நிலத்திலிருந்து பறித்ததைக் கடலுக்குக் கொடுத்தது போன்ற இந்த ஏற்பாட்டை நினைக்குந்தோறும் என் மனம் வியப்படைகிறது.

அந்த நுண்ணிய ஜீவராசிகளை உண்டு வளர்வது நெத்திலி. நம் ஊர்ச் சந்தைகளில் கூறுகட்டி விற்கும் நெத்திலிக்கு உறவான, ஒரு சாண் நீளங்கூட இல்லாத வெள்ளி நிற மீன். ஹம்போல்ட் நீரோட்டத்தில் இதன் கூட்டங்கள் மைல் கணக்கில் பரவிச் செல்லும். நீர்க்காகங்களும், கூழைக்கடாக்களும், பூபி என்னும் கடற்பறவைகளும் லட்சக்கணக்கில் இதைத் தின்று, கரையோரத் தீவுகளில் எச்சத்தை மலைமலையாகக் குவித்ததும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த எச்சத்தையே உரமாக ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்து பெரு அரசாங்கம் தன் பொக்கிஷத்தை நிரப்பியதும் தனிச் சரித்திரம். நமக்கு வேண்டியது இவ்வளவே: நெத்திலியைக் கானாங்கெளுத்தியும் சூரையும் கணவாயும் தின்றன, அவற்றைத் தின்ன மார்லின் வந்தது.

மார்லின் வெப்பநீர் மீன். குளிர்ந்த நீரோட்டத்தின் நடுவில் அது வாசம் செய்வதில்லை. ஆகவே எங்கே வெப்பநீர் முடிகிறதோ, எங்கே குளிர்நீரின் வளம் ஆரம்பிக்கிறதோ, அந்த எல்லைக்கோட்டை ஒட்டியே அது உலாவவேண்டும். வடக்கேயிருந்து பூமத்தியரேகைப் பிரதேசத்து வெப்பநீர் இறங்கிவர, தெற்கேயிருந்து ஹம்போல்ட் நீரோட்டம் ஏறிவந்து மேற்கே திரும்ப, இவ்விரண்டும் சந்திக்கும் இடம் காபோ பிளாங்கோவுக்கு எதிரே, கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் என்று சொல்லத்தக்க அளவுக்கு அருகில் அமைந்திருந்தது. அந்த எல்லை நிலையானதன்று. தென்கோளத்துக் கோடையில் வெப்பநீர் தெற்கே பரவும், குளிர்காலத்தில் பின்வாங்கும். பருவத்துக்கேற்ப அக்கோடு நகர, பெருமீன்களும் அதனுடனே நகர்ந்தன. அக்கோட்டை அறிந்தவனே அங்கே மீனை அறிந்தவன்.

* * *

இந்தக் கடலில் ராட்சத மீன்கள் இருப்பதைக் குப்பத்து மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். ஆனால் அவர்கள் பிழைப்புக்காகக் கடலுக்குப் போகிறவர்கள். மரப்படகையே கவிழ்க்கக்கூடிய ஒரு மீனோடு மல்லுக்கு நிற்பது அவர்களுக்கு வீண் அபாயமேயன்றி விளையாட்டன்று.

வெளியுலகத்துக்கு அதை அறிவித்தது, ஆச்சரியமாகத் தோன்றினாலும், மண்ணெண்ணெய். அந்தப் பாலைக் குன்றுகளுக்கு அடியில் எண்ணெய் இருந்தது. தலாராவிலும் லோபிட்டோஸிலும் ஆங்கில, அமெரிக்கக் கம்பெனிகள் கிணறுகள் தோண்டின; குடிநீருக்கும் நிழலுக்கும் வழியில்லாத இடத்தில் உத்தியோகஸ்தர்களின் வீடுகள் எழுந்தன. வேலை ஒழிந்த வேளைகளில் கடலுக்குச் சென்ற அந்த உத்தியோகஸ்தர்கள், நீர்மட்டத்தில் அரிவாள்போல வளைந்த வால்துடுப்பு தெரிய நீந்திச் செல்லும் கரிய உருவங்களைக் கண்டு வந்து சொன்னார்கள். லெர்னர் 1940-ல் பொருட்காட்சிசாலையின் சார்பாக சிலிக்கும் பெருவுக்கும் ஒரு விஞ்ஞான யாத்திரை நடத்தினார். கிப் ஃபாரிங்டன் என்ற அமெரிக்க எழுத்தாளர் பசிபிக் கரையின் மீன்வளத்தைப் பற்றிப் பத்திரிகைகளிலும் புஸ்தகங்களிலும் விடாமல் எழுதினார். இரண்டாவது உலக மகாயுத்தம் குறுக்கிட்டிராவிட்டால் காபோ பிளாங்கோவின் புகழ் பத்து வருஷங்களுக்கு முன்பே பரவியிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

யுத்தம் முடிந்தது. 1951-ல் ஃபாரிங்டனும், அமெரிக்கச் செல்வர்களும், பெரு தேசத்துப் பிரமுகர்களும் சேர்ந்து காபோ பிளாங்கோ மீன்பிடிப்புச் சங்கத்தை நிறுவினார்கள். கரையோரத்தில் ஒரு மாளிகை எழுந்தது. கடலைப் பார்த்த அறைகளும், நீச்சல் குளமும், துறையில் நிற்கும் பெரிய மோட்டார்ப் படகுகளுமாக, பக்கத்துக் குப்பத்தின் குடிசைகளுக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாத ஒரு தனி உலகம் அங்கே உருவாயிற்று. அங்கத்தினர் தொகை சிறிது; சேர்வதற்குரிய கட்டணமோ பதினாயிரம் டாலர் என்று சொல்லப்படுகிறது.

அந்த அங்கத்தினர்களில் ஒருவர் ஆல்ஃபிரெட் கிளாஸெல்.

1913-ல் பிறந்தவர். அமெரிக்காவின் தென்பாகத்தில் எண்ணெயிலும் இயற்கை வாயுவிலும் பெருஞ்செல்வம் ஈட்டி, டெக்ஸாஸிலிருந்து நியூயார்க்வரை வாயுவைக் கொண்டுசெல்லும் மிகப்பெரிய குழாய்ப்பாதைக் கம்பெனியை ஆரம்பித்தவர்களில் ஒருவராக விளங்கி, ஹூஸ்டன் நகரத்தில் வாழ்ந்தவர். பிற்காலத்தில் அந்நகரத்துக் கலைக்கூடத்துக்கு ஆப்பிரிக்கப் பொன்னணிகளின் அரிய தொகுதி ஒன்றை நன்கொடையாக அளித்தவரும் அவரே. செல்வத்தின் பெருமைக்காக மட்டும் கடலுக்குப் போனவர் என்று அவரைத் தள்ளிவிட இயலாது. மீன்களின் வாழ்க்கையை ஆராயும் விஞ்ஞானிகளுக்குத் துணைநின்றவர். படகில் எப்போதும் சினிமாக் காமிராவைக் கூடவே கொண்டுசென்றவர். அந்தக் காமிராவின் முக்கியத்துவம் பின்னால் விளங்கும்.

* * *

காபோ பிளாங்கோவில் மீனைத் தேடிய முறை மற்ற இடங்களினின்றும் வேறுபட்டது. கியூபாவிலும் தாஹிட்டியிலும் இரையைப் படகின் பின்னே இழுத்துக்கொண்டு மணிக்கணக்கில் போய், எங்கோ ஆழத்திலிருந்து மீன் எழும்பி வருமா என்று காத்திருப்பார்கள். இங்கேயோ முதலில் மீனைக் கண்ணால் காணவேண்டும். படகின் உயரமான மேடையில் நின்று, ஒளி தெறிக்கும் நீர்ப்பரப்பைத் துழாவிப் பார்த்து, அரைமைல் தூரத்தில் ஒரு துடுப்பின் நுனி தெரிவதைக் கண்டுபிடிக்கும் கண்கள் உள்ளூர் மாலுமிகளுக்கே இருந்தன. சாதனைப் பட்டியலில் இடம்பெறாத அந்தக் கண்களுக்கும் சாதனையில் பங்குண்டு.

மீன் தென்பட்டதும் படகு அதன் பாதைக்குக் குறுக்கே சென்று, முழுக் கானாங்கெளுத்தி போன்ற ஓர் இரையை அதன் முகத்துக்கு நேரே கொண்டுபோய்க் காட்டும். மார்லின் இரையை முதலில் விழுங்குவதில்லை. ஈட்டிபோல் நீண்ட மேல்தாடையால் ஓர் அடி அடித்து அதைச் செயலிழக்கச் செய்கிறது. பிறகே திரும்பி வந்து வாயில் கவ்வுகிறது. அந்த அடி விழுந்த கணத்தில் கயிற்றைத் தளர்த்தி, இரை செத்து மிதப்பதுபோல் விட்டு, மீன் அதை விழுங்கும்வரை பதறாமல் காத்திருந்து, பின்னர் ஒரே வீச்சில் கழியை நிமிர்த்தி முள்ளைப் பதியவைக்கவேண்டும். ஒரு விநாடி முந்தினால் இரை வாயிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். பிந்தினால் மீன் அதை உமிழ்ந்துவிடும்.

அக்காலத்தில் பெருமீன் வேட்டைக்குரிய உரமான கயிறுகளில் ஒன்று, முப்பத்தொன்பது இழை லினன் நூலால் முறுக்கப்பட்டது. நனைந்த நிலையில் ஓர் இழைக்கு மூன்று ராத்தல் தாங்கும் என்பது கணக்கு. ஆக மொத்தம் 117 ராத்தல். ஒவ்வொரு நாளும் கரைக்குத் திரும்பியதும் அதை உருளையிலிருந்து முழுவதும் அவிழ்த்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைக்கவேண்டும். உப்பு ஏறி ஓரிடத்தில் இற்றுப்போயிருந்தால் மறுநாள் அந்த இடத்திலேயே அறுந்துபோகும். நூறு ராத்தலுக்குச் சற்று அதிகம் தாங்கும் கயிற்றைக்கொண்டு ஆயிரம் ராத்தல் மீனை எப்படி அடக்குவது என்று கேட்கலாம். அடக்குவதில்லை, ஓடவிடுவதே வித்தை. உருளையிலுள்ள தடைக்கட்டை, கயிறு அறுந்துபோகும் எல்லைக்குச் சற்று இப்பாலேயே வழுக்கி விட்டுக்கொடுக்கும்படி திருகிவைக்கப்பட்டிருக்கும். மீன் நூற்றுக்கணக்கான கஜம் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடும். ஓடி நின்றதும், சுழல்நாற்காலியில் தோள்வாரால் கட்டுண்டு அமர்ந்திருப்பவர், கால்களை உதைத்து, முதுகை வளைத்துக் கழியை மேலே தூக்கி, அதைத் தாழ்த்தும்போது கிடைக்கும் இரண்டு முழக் கயிற்றை அவசர அவசரமாக உருளையில் சுற்றிக்கொள்வார். மறுபடியும் தூக்குவார், மறுபடியும் சுற்றுவார். படகோட்டி படகைப் பின்னுக்கும் பக்கவாட்டிலும் திருப்பித் திருப்பி மீனை நோக்கியே அவரது முகத்தை வைத்திருக்கவேண்டும். வேறு எவரும் உதவிக்கு ஒரு விரலை நீட்டினாலும் சாதனை போய்விட்டது.

* * *

1952 ஏப்ரல் 7-ஆம் தேதி கிளாஸெல் பிடித்த கறுப்பு மார்லின் 1,025 ராத்தல் எடையுடன், காயம் எதுவும் இன்றிக் கரைக்கு வந்தது.

சுறாக்களைக் கணக்கில் சேர்க்காமல், எலும்புள்ள மீன்களில், கழியும் உருளையும் கொண்டு விதிகளுக்கு உட்பட்டுப் பிடிக்கப்பட்ட முதல் ஆயிரம் ராத்தல் மீன் அதுவே. ஜேன் கிரேயின் 1,040-ஐ விட அது பதினைந்து ராத்தல் குறைவு. ஆனால் ஜேன் கிரேயின் மீனைச் சுறா தொட்டிருந்தது. இதை எதுவும் தொடவில்லை. இருபத்திரண்டு வருஷத்துக் கேள்விக்கு அன்று விடை கிடைத்துவிட்டது.

அதே வருஷம் செப்டம்பரில் எர்னஸ்ட் ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ வெளிவந்து, மாபெரும் மார்லின் ஒன்றைப் பிடித்தும் அதைச் சுறாக்களுக்குப் பறிகொடுக்கும் ஒரு கியூபா மீனவனின் கதையை உலகமெங்கும் படித்தார்கள். அக்கதையைப் படித்துக் கண்ணீர்விட்டவர்களில் அநேகருக்கு, அப்படிப்பட்ட பெரிய மார்லின்கள் பெருவின் கரையில் உலாவுவது தெரியாது.

அடுத்த வருஷம் 1953. மே மாதத்தில், பெருவுக்குத் தெற்கே சிலியின் இகீகே துறைமுகத்துக்கு அப்பால், அதே ஹம்போல்ட் நீரோட்டத்தில் லூ மாரன் என்பவர் 1,182 ராத்தல் வாள்மீன் ஒன்றைப் பிடித்தார். அந்த நீரோட்டம் முழுவதும் அசாதாரணமான உயிர்களைத் தாங்கி நிற்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 4-ஆம் தேதி, ‘மிஸ் டெக்ஸாஸ்’ என்ற படகில் கிளாஸெல் மறுபடியும் கடலில் இருந்தார்.

கண்டார்கள், இரையைக் காட்டினார்கள், மீன் ஏற்றது, முள் பதிந்தது. அப்பால் நிகழ்ந்ததை நாம் கற்பனை செய்யவேண்டியதில்லை. காமிரா அதைப் பதிவுசெய்தது. நீரைப் பிளந்துகொண்டு அந்த மீன் எழும்புகிறது. முதலில் ஈட்டி, பிறகு தலை, பிறகு பலகைபோல் விறைத்து நிற்கும் பக்கத்துடுப்புகள். மற்ற மார்லின்கள் அத்துடுப்பை உடலோடு மடக்கிக்கொள்ளும்; கறுப்பு மார்லினால் மடக்க முடியாது, அதுவே அதன் அடையாளம். பிறகு அந்த விசாலமான கரிய முதுகு முழுவதும் காற்றில் நிற்க, வாலால் நீரை அறைந்து, தலையை இப்பக்கமும் அப்பக்கமும் உதறி, முள்ளை வெளியே எறியப் பார்த்து, விழுகிறது. விழுந்த இடத்தில் வெள்ளை நீர் வெடிக்கிறது. மீண்டும் எழும்புகிறது. மீண்டும் மீண்டும் எழும்புகிறது. தன் உடலின் முழுப் பாரத்தையும் சமுத்திரத்தின் பிடியிலிருந்து பிய்த்து மேலே எறியும் அந்தச் சக்தியைப் பார்க்கும் எவருக்கும், அம்மீன் தப்பிவிடக்கூடாதா என்ற எண்ணம் ஒரு கணமேனும் எழாமல் இராது. எனக்கு எழுந்தது.

அது தப்பவில்லை. அத்தனை பாய்ச்சலும் அதன் மூச்சையே தின்றன. ஒரு மணி நாற்பத்தைந்து நிமிஷ நேரத்தில் போராட்டம் முடிந்தது.

எடை 1,560 ராத்தல். இக்காலத்துக் கணக்கில் 707 கிலோ. நீளம் 14 அடி 6 அங்குலம். உடலின் சுற்றளவு 6 அடி 9 அங்குலம். ஒரு மனிதன் இரு கைகளையும் விரித்து அணைத்தாலும் விரல்கள் ஒன்றையொன்று தொடமாட்டா. முந்தைய வருஷம் ஏப்ரலில் அவர் பிடித்த மீனைவிட 535 ராத்தல் அதிகம். கழி கொண்டு பிடித்த மார்லின்களில் அதற்கு முன்னும் அதற்குப் பின்னும் அதைவிடப் பெரியது எதையும் சர்வதேசச் சங்கம் ஏற்றதில்லை. கிளாஸெல் 2008-ல் தம் தொண்ணூற்றைந்தாவது வயதில் காலமானார். சாதனை அவரோடு போகவில்லை, இன்றும் நிற்கிறது.

* * *

அம்மீனின் உடல் பதப்படுத்தப்பட்டு, வாஷிங்டனிலுள்ள ஸ்மித்ஸோனியன் இயற்கைச் சரித்திரப் பொருட்காட்சிசாலைக்குச் சென்றது. அதன் நிழல், அதைவிட வெகுதூரம் சென்றது.

1954 ஏப்ரலில் கிம்பர்லி விஸ் என்ற பெண்மணி அதே காபோ பிளாங்கோவில் 1,525 ராத்தல் கறுப்பு மார்லினைப் பிடித்தார். பெண்களின் சாதனையாக அது இன்றும் முதலிடத்தில் இருக்கிறது. கிளாஸெலின் மீனுக்கும் அதற்கும் வித்தியாசம் முப்பத்தைந்து ராத்தல்தான். புஜபலத்தால் மட்டும் இம்மீன்களை வெல்ல முடியுமென்று எண்ணியிருந்தவர்களுக்கு அந்த எண்ணிக்கையே தக்க பதில்.

1956-ல் ஹெமிங்வேயே வந்தார். ‘கிழவனும் கடலும்’ கதையைச் சினிமாவாக எடுக்க முற்பட்டவர்களுக்கு, கதையில் வருவது போன்ற பிரம்மாண்டமான மீன் வேண்டியிருந்தது. கியூபாவில் அகப்படாத அதைத் தேடி, படப்பிடிப்புக் குழுவோடு அவர் காபோ பிளாங்கோவில் சுமார் ஒரு மாதம் தங்கி நாள்தோறும் கடலுக்குச் சென்றார். மார்லின்கள் அகப்பட்டன, ஆனால் படத்துக்கு வேண்டிய அளவில் ஒன்றும் வரவில்லை. முடிவில், 1958-ல் ஸ்பென்ஸர் டிரேஸி நடித்து வெளிவந்த அந்தப் படத்தில், கிழவனின் தூண்டிலில் சிக்கித் துள்ளும் மீனாகத் திரையில் தோன்றியது, கிளாஸெலின் படகிலிருந்து எடுக்கப்பட்ட காட்சிகளே. கியூபாக் கதையில் துள்ளுவது பெருவின் மீன்.

மேலும் ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லவேண்டும். இவ்வாறு பிடிபட்ட ராட்சத மீன்கள் யாவும் பெண்மீன்கள். கறுப்பு மார்லினில் ஆண் ஐந்நூறு ராத்தலை எட்டுவதே அரிது. ஆயிரத்தைத் தாண்டுவன எல்லாம் பலகாலம் வாழ்ந்து வளர்ந்த தாய்மீன்கள். ஒவ்வொரு சாதனையின்போதும் தராசில் தொங்கியது, லட்சக்கணக்கான முட்டைகளைச் சமுத்திரத்தில் சொரியவல்ல ஒரு தாய். இன்று பல கடல்களில் வேட்டைக்காரர்கள் மீனைப் படகருகே கொணர்ந்து, அடையாளச் சீட்டு ஒன்றைக் குத்தி, உயிரோடு விட்டுவிடுகிறார்கள். அந்த நல்ல வழக்கம் 1953-ல் காபோ பிளாங்கோவை எட்டியிருக்கவில்லை.

ஆனாலும், கழியும் உருளையும் பிடித்தவர்கள் வருஷந்தோறும் எடுத்துச் சென்றது சொற்பமே. ஒரு சமுத்திரம் அதைத் தாங்கும்.

* * *

கிளாஸெலின் படகு வெற்றியுடன் துறைக்குத் திரும்பிய அதே காலத்தில், அக்கரையின் தெற்குத் துறைமுகங்களில் வேறொரு காரியம் ஆரம்பமாகிக்கொண்டிருந்தது. அதை எந்தக் காமிராவும் அவ்வளவு ஆவலோடு படமெடுக்கவில்லை.

கலிபோர்னியாவின் மான்டெரேயில், மத்தி மீனை நம்பி இரவுபகலாக ஓடிய தொழிற்சாலைகள் பல இருந்தன. நாற்பதுகளின் இறுதியில் மத்தி அங்கே அடியோடு குன்றிப்போயிற்று. ஓட வழியில்லாமல் நின்ற அந்த இயந்திரங்களைக் கழற்றி, கப்பலேற்றி, விலைக்கு வாங்கியவர்களில் பெரு தேசத்து வியாபாரிகளும் இருந்தார்கள். மீனை வேகவைத்து, பிழிந்து, உலர்த்தி, மாவாக அரைக்கும் இயந்திரங்கள் அவை. அந்த மாவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோழிக்கும் பன்றிக்கும் தீனியாக எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கத் தயாராயிருந்தார்கள்.

1952 ஆகஸ்டில் சிலியும் பெருவும் ஈக்வடாரும் சாந்தியாகோவில் கூடி, தங்கள் கரையிலிருந்து இருநூறு கடல்மைல்வரை உள்ள நீர் தங்களுக்கே உரியதென்று பிரகடனம் செய்தன. அந்நியப் படகுகளிடமிருந்து தங்கள் கடலைக் காக்கவேண்டுமென்ற அந்த நோக்கம் நியாயமானது. ஆனால் சொந்தப் படகுகளிடமிருந்து கடலைக் காப்பது யார் என்ற கேள்வியை அன்று எவரும் கேட்கவில்லை.

நைலான் சுருக்குமடி வலைகள் இறங்கின. அவை தேடியது மார்லினை அன்று, சூரையையும் அன்று. ஒரு சாண் நீளமில்லாத அந்த நெத்திலியை. 1964-க்குள் பெரு, எடைக் கணக்கில் உலகத்திலேயே அதிக மீன் பிடிக்கும் தேசமாக உயர்ந்துவிட்டது. 1970-ல் அது பிடித்த நெத்திலி 120 லட்சம் டன்னுக்கும் மேல்.

அதற்குள் காபோ பிளாங்கோவின் மேடைகளில் நின்று கடலைத் துழாவிய மாலுமிகளின் கண்களுக்கு, அந்த வளைந்த கரிய துடுப்பு அரிதாகிவிட்டது. ஆயிரம் ராத்தல் மீன்களின் துறை என்று உலகமே கொண்டாடிய அந்த இடத்தில், சங்கத்தின் மாளிகை அறுபதுகளின் இறுதியில் கதவை அடைத்தது.

பெருமீன்கள் எங்கே போயின? இரையை வலைகள் வாரிக்கொண்டு போனதால் அவை வேறு கடல் தேடிச் சென்றனவா? சில வருஷங்களுக்கு ஒரு முறை வெப்பநீரைக் கரைவரை கொண்டுவந்து குளிர்நீரை அமுக்கிவிடும் எல் நினோ அந்த எல்லைக்கோட்டையே கலைத்துவிட்டதா? அல்லது 1968 அக்டோபரில் லிமா நகரத்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, எண்ணெய் வயல்களைக் கைப்பற்றியபோது, மீனைத் தேடிச் செல்லும் படகுகள் நின்றுபோனதுதான் காரணமா? மூன்று பதில்களுக்கும் சாட்சிகள் உண்டு. அடுத்த வாரம் அந்தச் சாட்சிகளை ஒவ்வொன்றாக விசாரிப்போம்.